தூக்குவதும் தாங்குவதும்

அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியாவுக்கு ஏறிச் செல்லும் நெடுஞ்சாலை, தலவாக்கலையைத் தாண்டியபின் லிந்துலையை அடைகின்றது. அச்சாலையிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குள் பிரிந்து செல்லும் பாதைகளில் சமநிலத்தைக் காண்பது அரிது. மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி, அப்படிகளிலே லயங்களை அமைத்திருக்கின்றனர். ஒரு லயத்திலிருந்து மற்றொரு லயத்துக்குச் செல்லும் பாதை ஏற்றமாக இருக்கும். இல்லையேல் இறக்கமாக இருக்கும்.

முற்காலத்தில் இப்பாதைகளில் ஓடிய மோட்டார் வண்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். தோட்டத்துத் துரையின் கார் ஒன்று. கொழுந்தும் உரமும் ஏற்றும் லொறி ஒன்று. அவற்றைக் கவனிப்பதற்குத் தொழில் பயின்றவர்கள் இருந்தனர். இன்று நிலைமை வேறு. லயத்து வாசலிலே முச்சக்கர வண்டி நிற்கின்றது. கைமாறி வந்த பழைய காரும் வேனும் நிற்கின்றன. பிள்ளைகள் கொழும்பிலோ கடல் கடந்தோ உழைத்து அனுப்பிய பணத்தில் வாங்கப்பட்ட வண்டிகள் அவை. நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வதற்கும், பரீட்சைக்குப் போகும் பிள்ளையைப் பாடசாலையிலே சேர்ப்பதற்கும், சந்தைக்குக் காய்கறி ஏற்றுவதற்கும் அவையே உதவுகின்றன. அத்தகைய வண்டியைச் சிறு பழுதுக்கெல்லாம் கராஜுக்குக் கொண்டு செல்லச் சொந்தக்காரரின் கையிருப்பு இடம் கொடுப்பதில்லை. ஆகவே, விடுமுறை நாளிலே வீட்டு வாசலிலேயே வண்டியைத் தூக்கி வைத்து வேலை பார்க்கும் வழக்கம் பரவியிருக்கின்றது.

இவ்வழக்கம் பாராட்டுக்குரியதே. தன் வண்டியைத் தானே பேணக் கற்றவன் அதனைக் கவனமாக ஓட்டவும் கற்றுக்கொள்கின்றான். எனினும், இத்தொழிலின் முதற்படியிலேயே ஓர் ஆபத்து மறைந்திருக்கின்றது. சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன் வண்டியைத் தூக்க வேண்டும். ஆயிரம் கிலோகிராம் எடையுள்ள இரும்பைத் தூக்கி வைத்து, அதன் கீழே மனித உடலை நுழைக்கும் வேலை அது. இங்கே நேரும் பிழைக்கு இரண்டாம் வாய்ப்புக் கிடைப்பது அரிது.

ஓர் இளைஞரை மனக்கண்முன் நிறுத்திப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலை. லயத்தின் முன்னே, சரிவான பாதையின் ஓரத்தில், தமது சிறிய காரை நிறுத்தியிருக்கின்றார். முன் சக்கரத்துப் பிரேக் தேய்ந்துவிட்டது. அதனை மாற்ற வேண்டும். காருடன் வந்த கத்தரி ஜாக்கியால் முன்பக்கத்தைத் தூக்கியாயிற்று. சக்கரத்தையும் கழற்றியாயிற்று. உருண்டு விழுந்த நட்டு ஒன்றை எடுப்பதற்காக அவர் வண்டியின் கீழே தலையை நீட்டுகின்றார். அவ்வழியே நடந்து வந்த முதியவர் ஒருவர், பல்லாண்டு காலம் லொறிச் சாரதியாக இருந்தவர், அதனைக் காண்கின்றார்.

"தம்பி, தலையை வெளியே எடுங்கள். இந்த வண்டியை எது தாங்கிக்கொண்டு நிற்கிறது?"

"ஜாக்கிதான் மாமா."

"ஜாக்கி வண்டியைத் தூக்கும், தம்பி. தாங்காது."

முதியவரின் சொல் சிறியது; ஆயினும் இவ்விஷயம் முழுவதும் அதனுள் அடங்கிவிடுகின்றது. தூக்குவது ஒரு வேலை. தாங்குவது வேறொரு வேலை. இவ்விரண்டையும் ஒன்றென எண்ணுவதே பழக்கமில்லாதவர்கள் செய்யும் பிழைகளுக்கெல்லாம் தாய்ப் பிழை.

ஜாக்கியின் அமைப்பைச் சற்று நோக்கினால் இவ்வுண்மை விளங்கும். காருடன் கிடைக்கும் கத்தரி ஜாக்கி, நீண்ட திருகாணி ஒன்றைச் சுழற்றுவதனால் உயர்கின்றது. அதன் அடித்தட்டு ஓர் உள்ளங்கையளவே இருக்கும். உயர உயர அது ஒல்லியான ஒற்றைக் காலாகி விடுகின்றது. எண்ணெயினால் இயங்கும் ஜாக்கி வேறு வகை. அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் செலுத்தும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் பஸ்கால் பதினேழாம் நூற்றாண்டில் விளக்கினார். அவ்விதியைக் கொண்டு ஆங்கிலேயராகிய ஜோசப் பிராமா 1795ஆம் ஆண்டில் நீரழுத்த யந்திரத்துக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். இன்றைய எண்ணெய் ஜாக்கி அதன் வழித்தோன்றலே. ஒரு சிறுவன் கூடக் கைப்பிடியை அசைத்துக் காரின் ஒரு பக்கத்தை உயர்த்திவிடலாம். ஆயினும், உயர்ந்த வண்டியை அங்கே நிறுத்தி வைத்திருப்பது உள்ளேயிருக்கும் எண்ணெயும் அதனை அடைத்து நிற்கும் ரப்பர் வளையமுமே. அவ்வளையம் தேய்ந்தால் எண்ணெய் கசியும். வண்டி மெல்ல மெல்ல இறங்கும். வளையம் பிய்ந்தாலோ ஒரே கணத்தில் இறங்கும். கீழே இருப்பவருக்கு முன்னறிவித்தல் எதுவும் கிடைக்காது.

எனவே, ஜாக்கியால் வண்டியை உயர்த்திய உடனே, எடையை வேறொன்றின்மேல் இறக்கி வைத்தல் இன்றியமையாதது. அதற்கென்றே செய்யப்பட்ட உருக்குத் தாங்கிகள் கடைகளில் கிடைக்கின்றன. "ஸ்டாண்ட்" என்று மெக்கானிக்குகள் அவற்றைக் குறிப்பிடுவர். விரிந்த கால்களும், உயரத்தை மாற்றிப் பூட்டும் பல்லோ ஊசியோ உடையவை அவை. எத்தனை தொன் தாங்கும் என்பது அவற்றின்மேல் எழுதப்பட்டிருக்கும். ஒரு ஜோடித் தாங்கி வாங்கும் செலவு சிறிதன்று. ஆனால் பல ஆண்டுகளுக்கு ஒரு முறை செய்யும் செலவு அது. அயலிலுள்ள நான்கு வீட்டார் கூடி ஒரு ஜோடியை வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம்.

தாங்கியையும் கண்மூடி நம்பிவிடலாகாது. அமெரிக்காவில் 2020ஆம் ஆண்டில், பல்லும் கொக்கியும் சரியாகப் பொருந்தாமையால் திடீரென இறங்கிவிடக்கூடும் என்று கண்டு, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தாங்கிகளை விற்றவர்களே திரும்பப் பெற்றுக்கொண்டனர். அவற்றுக்கு மாற்றாகக் கொடுக்கப்பட்ட தாங்கிகள் சிலவற்றிலும் ஒட்டுவேலைக் குறை பின்னர்க் கண்டறியப்பட்டது. ஆகவே, தாங்கியை வைத்தபின் பல் முழுவதும் கொக்கியினுள் அமர்ந்திருக்கின்றதா என்று கண்ணால் காண வேண்டும். ஜாக்கியை மெதுவாக இறக்கி, எடை முழுவதும் தாங்கியின்மேல் வந்தபின், வண்டியை வெளியே நின்று கையால் பலமாக அசைத்துப் பார்க்க வேண்டும். விழக்கூடிய வண்டி எவரும் கீழே இல்லாத அப்பொழுதே விழட்டும்.

தாங்கிக்குப் பதிலாக வேறு எதையேனும் அடுக்கி வைப்பவர் பலர். அவர்கள் பெரும்பாலும் நாடுவது சீமெந்துப் புளொக் கல்லை. சுவரிலே அது எடையைச் சுமக்கின்றதே என்று அவர்கள் எண்ணுகின்றனர். சுவரில் எடை கல்லின் முகம் முழுவதும் சமமாகப் பரவி நிற்கின்றது. காரின் இரும்பு விளிம்போ ஓரிடத்தில் கூர்மையாக அழுத்துகின்றது. உள்ளே வெற்றிடமுடைய கல் அதனைத் தாளாமல் கண்ணாடிபோலச் சிதறும். மரம் நொறுங்குமுன் நெரியும், ஓசையிடும். கல் அவ்வாறு எச்சரிப்பதில்லை. ஆகவே, தாங்கி இல்லாதவர் வண்டியின் கீழே செல்லாதிருப்பதே நன்று. சக்கரத்தை மாத்திரம் மாற்ற வேண்டுமாயின், உடலின் எந்தப் பகுதியும் வண்டியின் கீழே போகாதவாறு வெளியே இருந்து மாற்றலாம். கழற்றிய சக்கரத்தையும் மாற்றுச் சக்கரத்தையும் வண்டியின் ஓரச் சட்டத்தின் கீழே படுக்க வைப்பது பழைய சாரதிமாரின் பழக்கம். வண்டி விழுந்தாலும் அச்சக்கரங்களின்மேல் விழும். தரையோடு தரையாக அழுத்தாது. இது தாங்கிக்கு மேலதிகமான காவலேயன்றி, தாங்கிக்கு ஈடன்று.

இனி, மலைநாட்டுக்கே உரிய ஆபத்தைப் பார்க்கலாம். அது சரிவு. பத்து அடிக்கு ஓர் அடி உயரும் பாதையை லிந்துலைவாசிகள் ஏற்றமென்றே சொல்லமாட்டார்கள். ஆயினும் அச்சரிவில் நிற்கும் 1,000 கிலோகிராம் வண்டியை, ஏறக்குறைய 100 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை எந்நேரமும் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டிருக்கின்றது. அதனை எதிர்த்து வண்டியை நிறுத்தி வைப்பவை இரண்டு: ஒன்று கைப் பிரேக், மற்றையது கியர். இவையிரண்டும் சக்கரங்களின் வழியாகவே நிலத்தைப் பற்றுகின்றன. நிலத்தை விட்டு உயர்ந்த சக்கரம் எதையும் பற்றாது. ஆகவே, தூக்கப்படும் சக்கரம் சரிவில் வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்த சக்கரமாகவே இருந்துவிடலாம்.

சிறிய கார்கள் பலவற்றில் இயந்திரம் முன் சக்கரங்களைச் சுழற்றுகின்றது. கைப் பிரேக் பின் சக்கரங்களைப் பிடிக்கின்றது. அத்தகைய காரின் பின்பக்கம் முழுவதையும் தூக்கினால் கைப் பிரேக்கினால் பயனில்லை. முன் சக்கரங்களில் ஒன்றை மட்டும் தூக்கினாலும் கியரினால் பயனில்லை. இதற்குக் காரணம் டிபரன்சல் என்று சாரதிமார் வழங்கும் பற்சக்கரத் தொகுதி. வளைவில் திரும்பும்பொழுது இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல வேண்டும் என்பதற்காக அமைக்கப்பட்டது அது. ஒரு சக்கரம் அந்தரத்தில் இருக்க, மற்றச் சக்கரம் நிலத்தில் இருந்தால், அந்தரத்துச் சக்கரம் பின்னோக்கிச் சுழல, நிலத்துச் சக்கரம் முன்னோக்கி உருளும். இயந்திரம் கியரில் இறுகியிருந்தும் வண்டி நகரும். தானாகக் கியர் மாறும் வண்டிகளில் "பார்க்" என்னும் நிலையில் வைத்தாலும் இதே கதைதான்.

தேயிலைத் தோட்டங்களில் நெடுங்காலம் உழைத்த பழைய லாண்ட் ரோவர் வண்டிகள் இதற்குச் சிறந்த சான்று. அவற்றின் கைப் பிரேக் சக்கரங்களில் இல்லை. கியர்ப் பெட்டியின் பின்னே, பின் சக்கரங்களுக்குச் செல்லும் தண்டில் இருந்தது. பின் சக்கரம் ஒன்றைத் தூக்கிய மாத்திரத்தில், டிபரன்சலின் காரணமாக அப்பிரேக் வலுவிழந்துவிடும். கைப் பிரேக்கை இறுக இழுத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் நின்றவர்களின் கண்ணெதிரே வண்டி உருளத் தொடங்கும். அவ்வண்டிகளை ஓட்டியவர்கள் கட்டை வைக்காமல் ஜாக்கியைத் தொடமாட்டார்கள்.

முட்டுக்கட்டை என்ற சொல்லை இன்று பழிச்சொல்லாகவே பலரும் வழங்குகின்றனர். நல்ல காரியத்தைத் தடுப்பவனை முட்டுக்கட்டை என்கின்றனர். ஆனால் சரிவில் நிற்கும் வண்டிக்கு அதனைவிட உற்ற துணை வேறில்லை. நிலத்தில் இருக்கப்போகும் சக்கரங்களுக்கு, முதலில் பள்ளத்துப் பக்கமும், பின்னர் மேட்டுப் பக்கமும் கட்டை வைக்க வேண்டும். ஆற்றிலே உருண்டு மழுங்கிய கல் இதற்கு உதவாது. சக்கரம் அதனையும் உருட்டிக்கொண்டு போகும். அடி தட்டையாகவும், சக்கரத்தை நோக்கிய முகம் சாய்வாகவும், உயரம் சக்கரத்தின் உயரத்தில் கால் பங்கேனும் உள்ளதாகவும் வெட்டிய மரக்கட்டையே தகுந்தது. இத்தனையும் செய்தபின்னரும், சரிவு சரிவே. கட்டை வைத்துச் சக்கரம் மாற்றுவது வழியிலே தவிர்க்க முடியாத வேளைக்கு உரியது. வண்டியின் கீழே புகுந்து செய்யும் வேலைக்குச் சமநிலத்தைத் தேடிச் செல்வதே முறை.

நிலத்தின் சாய்வைப் போலவே அதன் உறுதியையும் ஆராய வேண்டும். தென்மேற்குப் பருவமழை பெய்யும் மாதங்களில் லிந்துலையின் மண் நாட்கணக்கில் ஊறிக் கிடக்கும். மேலே உலர்ந்து தோன்றும் நிலம் உள்ளே சேறாக இருக்கும். உள்ளங்கையளவு அடித்தட்டு அதனுள் ஒரு பக்கமாகப் புதையும், ஜாக்கி சாயும். ஓர் அடிச் சதுரமும் இரண்டு அங்குலக் கனமும் உள்ள வைரம் பாய்ந்த பலகை ஒன்றை ஜாக்கியின் கீழே இட்டால் எடை பரவி நிற்கும். தாங்கிகளின் கால்களுக்கும் அவ்வாறே பலகை வேண்டும்.

கராஜ்களில் காணும் உருளை பூண்ட நீண்ட ஜாக்கியைச் சிலர் இரவல் வாங்கி வருவர். வண்டியின் ஒரு பக்கம் உயரும்பொழுது அது நேர் மேலே செல்வதில்லை. நிலத்தில் நிற்கும் சக்கரங்களை அச்சாகக்கொண்டு வில்போல வளைந்து உயர்கின்றது. அவ்வளைவுக்கு ஏற்ப ஜாக்கியும் சிறிது நகர வேண்டும். அதற்காகவே அதற்கு உருளைகள் உண்டு. சீமெந்துத் தரையில் அவை உருளும். மண்ணில் புதைந்துவிட்டால் உருளமாட்டா. அப்பொழுது ஜாக்கியின் தலை வண்டியின் அடியிலிருந்து வழுக்கி வெளியேறும். நல்ல கருவியே என்றாலும், தனக்குரிய தரையில்லாவிடத்து அதுவும் பகையாகின்றது.

ஜாக்கியை வண்டியின் எவ்விடத்தில் வைப்பது என்பது அடுத்த வினா. கைக்கு எட்டிய இடத்தில் வைப்பது பழக்கமில்லாதவர் இயல்பு. தரைத் தகடு மெல்லியது; பொத்துக்கொள்ளும். எண்ணெய்த் தொட்டியில் வைத்தால் அது நசுங்கும், விரிசலும் காணும். ஓரச் சட்டத்தின் நான்கு இடங்களில் தகட்டை மடித்து வலுவூட்டி, சிறு வெட்டு அடையாளமும் இட்டிருப்பதைப் பல கார்களில் காணலாம். வண்டியின் கையேடு அவ்விடங்களைப் படத்துடன் காட்டும். பழைய வண்டியாயின் அவ்விடத்தைத் தட்டிப் பார்க்கவும் வேண்டும். ஈரம் மிகுந்த மலைநாட்டில் ஓரச் சட்டத்தை உள்ளிருந்தே துரு அரித்துவிடும். வெளியே பூசிய வர்ணம் அழகாக இருக்க, உள்ளே இரும்பு இல்லாமற் போயிருக்கும்.

நட்டுகளைத் தளர்த்தும் முறையிலும் ஒழுங்கு உண்டு. வண்டியைத் தூக்கியபின் நட்டைத் தளர்த்த முயல்வோர் பலர். இறுகிய நட்டின்மேல் உடலின் முழுப் பலத்தையும் செலுத்தும்பொழுது, ஒற்றைக் காலில் நிற்கும் வண்டி ஆடாமல் என்ன செய்யும்? சக்கரம் நிலத்தில் இருக்கும்பொழுதே ஒவ்வொரு நட்டையும் அரைச் சுற்றுத் தளர்த்திவிட வேண்டும். மாட்டும்பொழுது கூம்பு முகம் சக்கரத்தை நோக்க, கையினால் பூட்டி, வண்டியை இறக்கியபின்னரே முழுவதும் இறுக்க வேண்டும். அடுத்தடுத்த நட்டை இறுக்காமல், எதிரெதிர் நட்டாக மாற்றி மாற்றி இறுக்கினால் சக்கரம் சமமாக அமரும். இறுக்கும் அளவைக் கையேடு கூறும். உதாரணமாக, 100 நியூட்டன் மீட்டர் என்றிருந்தால், அரை மீட்டர் நீளமுள்ள பிடியின் நுனியில் ஏறக்குறைய 20 கிலோகிராம் எடையை ஏற்றியது போன்ற பலம் என்று கொள்ளலாம். சக்கரம் மாட்டி 50 அல்லது 100 கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் ஒரு முறை சோதித்தல் நல்லது.

கருவிகளைப் பற்றிச் சொன்னவை போதும். மனிதரைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். லயத்து வாசலில் வண்டியைத் தூக்கினால் பிள்ளைகள் சூழ்ந்துகொள்வர். ஒருவன் கதவைத் திறப்பான். இன்னொருவன் உள்ளே ஏறிச் சுக்கானைத் திருப்புவான். தூக்கிய வண்டிக்கு அச்சிறு அசைவே போதும். ஆகவே, வண்டியினுள் எவரும் இருத்தலாகாது. பிள்ளைகள் பத்தடிக்கு அப்பால் நிற்க வேண்டும். வண்டியின் சாவி வேலை செய்பவரின் சட்டைப் பையில் இருக்க வேண்டும். அதே வேளையில், தனிமையில் வேலை செய்வதும் தகாது. வளர்ந்தவர் ஒருவர் கூப்பிடு தூரத்தில் இருப்பாராக. அசம்பாவிதம் நேர்ந்தால் வண்டியை மீண்டும் உயர்த்துவதற்கு இரண்டாவது ஜாக்கி ஒன்று அருகில் இருப்பாதாக வேண்டும். 1990 என்னும் தொலைபேசி எண்ணுக்கு அழைத்தால், நாடெங்கும் இயங்கும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை கட்டணமின்றி வரும். ஆயினும், வளைந்து வளைந்து ஏறும் தோட்டப் பாதையில் எந்த அம்புலன்ஸும் வந்து சேர நேரம் பிடிக்கும். வண்டியின் எடையால் மார்பு அழுந்திக் கிடப்பவருக்கு அந்நேரம் இருப்பதில்லை.

முதியவரின் சொல்லைக் கேட்ட இளைஞர் தலையை வெளியே எடுத்தார். இருவருமாகச் சக்கரத்தை மீண்டும் பூட்டி, வண்டியை இறக்கினர். சற்றுத் தூரத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவம் ஒன்று உண்டு. லொறி வந்து நிற்பதற்காக அதன் முன்னே சமமாகச் சீமெந்து இட்ட இடம் இருக்கின்றது. ஞாயிற்றுக்கிழமையில் அங்கே கொழுந்து வராது. தோட்டத்தாரிடம் கேட்டு அனுமதி பெற்று, தேய்ந்த பிரேக்கை மனத்திற்கொண்டு முதலாம் கியரில் நடை வேகத்திலே காரை அங்கே கொண்டுபோய் நிறுத்தினார். பின் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வைத்தார். முதியவர் தம் வீட்டிலிருந்து இரண்டு பழைய உருக்குத் தாங்கிகளைக் கொண்டுவந்தார்.

"இனிப் போகலாமா மாமா?"

"முதலில் அசைத்துப் பாருங்கள், தம்பி."

இளைஞர் காரின் பக்கத்தில் கையூன்றி மும்முறை தள்ளினார். கார் அசையவில்லை. அதன்பின்னரே அவர் குனிந்தார். முற்பகலில் முடிந்திருக்க வேண்டிய வேலை பிற்பகல்வரை நீண்டது. மாலையில் அவர் தம் காரை ஓட்டிக்கொண்டு, தாயார் காத்திருந்த லயத்து வாசலுக்குத் திரும்பினார்.